பிரெஞ்சுப் புரட்சி ஏன் வந்தது, எதை மாற்றியது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டில் புரட்சி ஏன் வெடிக்கிறது? அது வந்துபோன பிறகு சாதாரண ஜனங்களுக்கு என்ன மிஞ்சுகிறது? இதைப் பொத்தாம்பொதுவாகப் பேசினால் பேச்சு எங்கேயும் போய்ச் சேராது. அதனால் ஒரே ஒரு புரட்சியை எடுத்துக்கொள்கிறேன்: 1789-இல் பிரான்ஸில் தொடங்கியது. வரலாறு படிக்கிற பிள்ளைகளும், படித்து மறந்துபோன பெரியவர்களும் மறுபடி மறுபடி கேட்கிற கேள்விகள் இவை.

எத்தனையோ புரட்சிகள் இருக்க, ஏன் பிரான்ஸ்?

காகிதம்தான் காரணம். ரொட்டி விலை, கூலி, நீதிமன்றப் பதிவு, சபையில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியம், புரட்சிக்குச் சில மாதங்களுக்கு முன்பு கிராமத்து ஜனங்கள் தங்கள் குறைகளைச் சொல்லி எழுதிவைத்த பட்டியல்களும் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. ஒரு புரட்சியின் வாசலில் நின்ற மக்கள் மனதில் என்ன இருந்தது என்று இவ்வளவு தெளிவாகப் பார்க்க வேறு எங்கும் வாய்ப்பது அரிது.

தமிழில் 'புரட்சி' என்ற சொல் 'புரள்' என்பதிலிருந்து வருகிறது. அடியில் இருந்தது மேலே வருகிறது, மேலே இருந்தது அடிக்குப் போகிறது. பிரான்ஸில் அது எவ்வளவு தூரம் நடந்தது, எங்கே பாதியில் நின்றது என்பதுதான் கீழே வரும் பதில்கள்.

பசியால்தானே மக்கள் புரட்சி செய்தார்கள்?

பசி இருந்தது, சந்தேகமே வேண்டாம். 1788 ஜூலை 13 அன்று வடக்குப் பிரான்ஸில் பெய்த ஆலங்கட்டி மழை, அறுவடைக்கு நின்ற பயிரை அடித்துப் போட்டது. பின்னாலேயே கொடுமையான குளிர்காலம். ஆறுகள் உறைந்து, தண்ணீரால் ஓடும் மாவு ஆலைகள் நின்றுபோயின.

அந்தக் காலத்து பாரிஸ் கூலிக்காரருக்கு ரொட்டி என்பது நமக்குச் சோறு மாதிரி. வேறு எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இல்லாமல் அடுப்படியில் வேலை இல்லை. நான்கு பவுண்டு எடையுள்ள ரொட்டி ஒன்றின் விலை வழக்கமாக 8 அல்லது 9 'சூ'. சூ என்பது சில்லறைக் காசு; 20 சூ சேர்ந்தால் 1 லிவ்ர். 1789 பிப்ரவரியில் அதே ரொட்டி 14.5 சூ ஆனது. கூலிக்காரரின் ஒரு நாள் கூலி 20-லிருந்து 30 சூ. ஞாயிற்றுக்கிழமையும் தேவாலயத் திருநாள்களும் கூலி கிடையாது. வீட்டில் நான்கு வாய் இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு ரொட்டி போதாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாடகைக்கும் விறகுக்கும் துணிக்கும் கையில் ஒன்றும் நிற்காது.

சரி, பசி மட்டுமே காரணம் என்றால் 1693–94-லேயே புரட்சி வந்திருக்க வேண்டும். அந்தப் பஞ்சத்தில் பிரான்ஸில் பத்து லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். 1709 குளிர்காலத்திலும் சாவு கொஞ்சநஞ்சமில்லை. பதினான்காம் லூயியின் அரியணை அசையவே இல்லை. 1775-இல் மாவு விலை ஏறியபோது கலவரம் நூற்றுக்கணக்கான இடங்களில் மூண்டது. ராஜா ஏறக்குறைய 25,000 படைவீரர்களை அனுப்பினார், சில வாரத்தில் அடங்கிவிட்டது. பசித்த கூட்டம் கடையை உடைக்கும். ஆட்சியை உடைக்க வேண்டுமானால் அதே நேரத்தில் ஆட்சிக்குள்ளேயும் ஏதோ உடைந்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஆட்சிக்குள் என்ன உடைந்தது?

கஜானா. எனக்குத் தெரிந்தவரை இதைப் புரிந்துகொண்டால் பாதிப் புரட்சி புரிந்த மாதிரி.

இங்கிலாந்தைப் பலவீனப்படுத்துவதற்காக அமெரிக்க விடுதலைப் போருக்கு பிரான்ஸ் உதவி செய்தது. செலவு 100 கோடி லிவ்ருக்கும் மேல். வரி உயர்த்தாமல், பெரும்பாலும் கடன் வாங்கியே அந்தப் போரை நடத்தினார்கள். 1788 கணக்கில் அரசின் செலவில் ஏறக்குறைய பாதி பழைய கடனுக்கே போனது. ராணுவத்துக்கும் கப்பற்படைக்கும் கால் பங்கு. வெர்சாய் அரண்மனைச் செலவு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? சுமார் 6 விழுக்காடு. ராணியின் நகையும் பட்டும்தான் நாட்டைக் கவிழ்த்தது என்று இன்றும் சொல்கிறோம். ஜனங்களின் வயிற்றெரிச்சலுக்கு அது நியாயமான காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் கணக்குப் புத்தகம் வேறு சொல்கிறது.

கடன் இருந்தால் வரியைக் கூட்ட வேண்டியதுதானே? அங்கேதான் முடிச்சு. நிலம் அதிகம் வைத்திருந்த பிரபுக்களும் திருச்சபையும் முக்கியமான நேரடி வரியான 'தாய்' (taille என்ற பிரெஞ்சுச் சொல்) வரியைக் கட்டத் தேவையில்லை. கட்டியது விவசாயி. 1786 ஆகஸ்டில் நிதியமைச்சர் கலோன் ராஜாவிடம் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார்: இனி யாருக்கும் விலக்கு இல்லாத நிலவரி போட்டால்தான் பிழைக்க முடியும். அதை ஏற்றுக்கொள்ளச் சொல்லி 1787 பிப்ரவரியில் பெரிய மனிதர்கள் 144 பேரைக் கூட்டினார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். பாரிஸ் உயர் நீதிமன்றமும் மறுத்தது. புதிய வரிக்கு ஒப்புதல் தர எங்களுக்கு அதிகாரமில்லை, திருச்சபை, பிரபுக்கள், மற்றவர்கள் என்ற மூன்று வகுப்பாரும் சேர்ந்த பொதுச்சபையைக் கூட்டுங்கள் என்றது. அந்தச் சபை கடைசியாகக் கூடியது 1614-இல்.

இதைக் கவனியுங்கள். ராஜாவை முதலில் எதிர்த்து நின்றது ஏழைகள் இல்லை. தங்கள் வரிவிலக்கைக் காப்பாற்ற நினைத்த மேல்தட்டு. 1788 ஆகஸ்டில் கஜானா காலியாகி, கடன்காரர்களுக்குப் பணம் கொடுப்பதையே அரசு பாதி நிறுத்தியது. வேறு வழியில்லாமல் பதினாறாம் லூயி பொதுச்சபையைக் கூட்டச் சம்மதித்தார்.

வால்தேர், ரூசோ போன்ற சிந்தனையாளர்கள் எழுதியதுதான் புரட்சியைக் கொண்டுவந்ததா?

அவர்கள் எழுத்து ஜனங்களுக்குப் பேசச் சொற்கள் கொடுத்தது. 'உரிமை', 'தேசம்', 'குடிமகன்' போன்ற சொற்கள் படித்த வக்கீல்கள் வாயில் தயாராக இருந்தன. ஆனால் அந்தப் புத்தகங்கள் அச்சாகிப் பல பத்தாண்டுகள் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அவற்றைப் படித்த பலர் பிரபுக்களாகவே இருந்தார்கள்.

பொதுச்சபையைக் கூட்டியதில் அப்படி என்ன பெரிய விஷயம்?

கூட்டியதைவிடப் பெரிய விஷயம், கூட்டுவதற்கு முன் ஜனங்களைப் பார்த்து "உங்கள் குறைகளை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டது.

1789 வசந்த காலத்தில் இது நாடு முழுக்க நடந்தது. கிராமத்தில் பூசை முடிந்ததும் மணி அடித்துத் தேவாலயத்திலேயே கூட்டம். வரி கட்டுகிற, 25 வயது நிறைந்த ஆண்கள் கலந்துகொள்ளலாம். சில ஊர்களில் விதவைகளும் வந்திருக்கிறார்கள். எழுதத் தெரிந்த ஒருவர், பாதிரியாரோ வக்கீலோ, மேசையில் உட்கார்ந்து எழுதுவார். இப்படிப் பல பத்தாயிரம் பட்டியல்கள் சேர்ந்தன.

அதில் என்ன இருக்கிறது? ராஜாவை ஒழி என்று யாரும் எழுதவில்லை. ராஜாவை அப்பா மாதிரி நினைத்து, அவருக்குத் தெரிந்தால் சரிசெய்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் எழுதியிருக்கிறார்கள். குறைகள் மிகச் சின்னச் சின்னதாக, கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும். பிரபு வீட்டுப் புறாக்கள் எங்கள் வயலில் விதைத்ததைக் கொத்தித் தின்கின்றன, அடிக்க எங்களுக்கு உரிமை இல்லை. முயல் பயிரை மேய்கிறது, பிடித்தால் தண்டனை. எங்கள் கோதுமையைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், ரொட்டியை அவர் அடுப்பில்தான் சுட வேண்டும், இரண்டுக்கும் கட்டணம். உப்பு வரியைப் பற்றி எழுதாத ஊர் குறைவு. சில மாகாணங்களில் குறைந்தபட்சம் இவ்வளவு உப்பு என்று கட்டாயமாக வாங்கியாக வேண்டும். பக்கத்து மாகாணத்தில் விற்பதைப்போலப் பல மடங்கு விலையில். வேதாரண்யம் தெரிந்த நமக்கு உப்பு வரியின் கசப்பை விளக்கத் தேவையில்லை.

இப்போது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயியை நினைத்துப் பாருங்கள். பிறந்ததிலிருந்து மழையைப்போல, வெயிலைப்போலத் தாங்கிக்கொண்டிருந்த ஒன்றை முதல்முறையாக வாயால் சொல்கிறார். ஒருவர் அதை எழுதிக்கொள்கிறார். பக்கத்து ஊரிலும் இதையே எழுதியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ராஜா கேட்டிருக்கிறார், அப்படியானால் தீரப்போகிறது. வீட்டுக்குப் போய்க் காத்திருக்கிறார். மாதங்கள் போகின்றன, ரொட்டி விலை மட்டும் ஏறுகிறது. என்னைக் கேட்டால் புரட்சி பிறந்த இடம், ஜூலை 14 அன்று ஜனங்கள் பிடித்த பாரிஸ் சிறைக்கோட்டையான பாஸ்டில் இல்லை, இந்தக் காத்திருப்புதான். வாய் திறக்காதே என்று சொல்லிவந்த ஒரு ஆட்சி, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பிறகு காதைப் பொத்திக்கொண்டது. தோக்வில் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரும் 19-ஆம் நூற்றாண்டில் இதற்குப் பக்கத்தில் வந்திருக்கிறார்: மோசமான ஆட்சி தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும் நேரமே அதற்கு ஆபத்தான நேரம் என்பது அவர் கருத்து.

"ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்" என்று ராணி சொன்னாரா?

சொன்னதற்கு ஆதாரம் இல்லை. பெயர் சொல்லாத ஒரு 'பெரிய இளவரசி' பேசியதாக இந்த வாக்கியத்தை ரூசோ 1760-களில் எழுதிவிட்டார். அப்போது மேரி அன்டோனெட் ஆஸ்திரியாவில் சிறுமி. பிரான்ஸுக்கு வந்தது 1770-இல்.

இதேபோல இன்னொன்று: பாஸ்டில் விழுந்த நாளில் ராஜா நாட்குறிப்பில் "ஒன்றுமில்லை" என்று எழுதினார் என்பது. அது உண்மைதான், ஆனால் அது வேட்டைக் குறிப்பு. அன்றைக்கு வேட்டையில் எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள்.

பாஸ்டிலில் ஏழே ஏழு கைதிகள்தானே இருந்தார்கள்? அதைப் பிடித்ததில் என்ன பெருமை?

கைதிகளை விடுவிக்க யாரும் போகவில்லை. வெடிமருந்து எடுக்கப் போனார்கள்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மே 5 அன்று வெர்சாயில் பொதுச்சபை கூடியது. திருச்சபை, பிரபுக்கள், மற்ற எல்லோரும் என்று மூன்று வகுப்பு. ஆளுக்கொரு ஓட்டா, வகுப்புக்கொரு ஓட்டா என்பதில் ஆறு வாரம் இழுபறி. வகுப்புக்கு ஒன்று என்றால் நாட்டில் 100-க்கு 95 பேருக்கு மேல் இருக்கிற மூன்றாம் வகுப்பு எப்போதும் 2–1 என்று தோற்கும். ஜூன் 17 அன்று மூன்றாம் வகுப்பார் தாங்களே தேசியச் சபை என்று அறிவித்தார்கள். 20-ஆம் தேதி மண்டபக் கதவு பூட்டியிருந்ததால் பக்கத்தில் இருந்த பந்தாட்டக் கூடத்தில் நின்று, அரசியல் சட்டம் எழுதாமல் கலைய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். ராஜா பணிவதுபோலக் காட்டிவிட்டு பாரிஸைச் சுற்றிப் படையைக் குவித்தார். ஜனங்கள் நம்பியிருந்த அமைச்சர் நெக்கரை ஜூலை 11 அன்று வீட்டுக்கு அனுப்பினார்.

ஜூலை 14 காலையில் கூட்டம் இன்வலீத் மாளிகையிலிருந்து சுமார் 30,000 துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டது. துப்பாக்கி இருக்கிறது, மருந்து இல்லை. மருந்து பாஸ்டிலில் இருந்தது. சண்டையில் மக்கள் பக்கம் ஏறக்குறைய 100 பேர் இறந்தார்கள். கோட்டையைப் பிடித்தவர்கள் பட்டியல் இருக்கிறது: தச்சர்கள், பூட்டு செய்கிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள், சின்னக் கடைக்காரர்கள். சரணடைந்த கோட்டைத் தலைவரைத் தெருவில் கொன்று தலையை ஈட்டியில் குத்திக்கொண்டு போனார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ராணுவம் ஏன் கூட்டத்தைச் சுட்டு அடக்கவில்லை?

இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கேள்வி. பாரிஸில் நிறுத்தியிருந்த 'பிரெஞ்சுக் காவற்படை' ஊருக்குள்ளேயே வாழ்ந்தது. பலருக்குக் கல்யாணமாகிக் குடும்பம் இருந்தது. சம்பளம் போதாமல் ஓய்வு நேரத்தில் கைத்தொழில் செய்தார்கள். அவர்கள் மனைவிமாரும் அதே ரொட்டிக்கடை வரிசையில் நின்றார்கள். ஜூன் கடைசியிலேயே ஜனங்கள்மேல் சுட மாட்டோம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஜூலை 14 பிற்பகலில் அவர்களில் ஒரு பகுதியினர் பீரங்கிகளோடு கூட்டத்தின் பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் பாஸ்டில் பணிந்தது. 1775-க்கும் 1789-க்கும் உள்ள வித்தியாசங்களில் இது பெரியது. அப்போது உத்தரவு போட்டால் படை நடந்தது.

கிராமங்களில் என்ன நடந்தது?

ஜூலை கடைசியில் ஒரு வதந்தி பரவியது: விளைந்து நிற்கும் பயிரை அழிக்கப் பிரபுக்கள் கூலிக்குக் கொள்ளையர்களை அனுப்புகிறார்கள். ஊர் ஊராக ஜனங்கள் அரிவாளும் கவைக்கோலும் எடுத்துக்கொண்டு நின்றார்கள். கொள்ளையர் வரவில்லை. கூடிய கூட்டம் பல இடங்களில் பிரபுவின் மாளிகைக்குப் போனது. போனவர்கள் கேட்டது தங்கமோ வெள்ளியோ இல்லை. யார் எவ்வளவு பாக்கி, எந்த நிலத்துக்கு என்ன கட்டணம் என்று எழுதியிருந்த பழைய தோல் ஏடுகளைக் கேட்டார்கள். முற்றத்தில் போட்டு எரித்தார்கள். கொடுக்க மறுத்த இடத்தில் மாளிகையும் சேர்ந்து எரிந்தது.

அந்தப் புகையைப் பார்த்துத்தான் ஆகஸ்ட் 4 இரவு தேசியச் சபையில் பிரபுக்களே ஒருவர்பின் ஒருவராக எழுந்து தங்கள் உரிமைகளை விட்டுக்கொடுத்தார்கள். விடியும் முன் புறாக்கூண்டு உரிமை, வேட்டை உரிமை, வரிவிலக்கு எல்லாம் போயின. ஆனால் சில நாளில் சட்டமாக எழுதும்போது நிலத்துக்கான கட்டணங்களைப் பணம் கட்டி மீட்க வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். விவசாயிகள் கட்டவில்லை. நாலு வருஷம் கட்டாமலே இழுத்தடித்து, 1793 ஜூலையில் இழப்பீடு இல்லாமலே அதை ஒழிக்க வைத்தார்கள். சபை கொடுத்த அன்பளிப்பு என்று இதை எழுதுகிறவர்கள் இந்த நாலு வருஷத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

பெண்களின் பங்கு என்ன?

1789 அக்டோபர் 5. மனித உரிமைப் பிரகடனத்தைச் சபை ஆகஸ்ட் 26 அன்றே நிறைவேற்றிவிட்டது. ராஜா ஒப்புக்கொள்ளாமல் நாளைக் கடத்துகிறார். பாரிஸில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றும் ரொட்டி கிடைக்கவில்லை. அன்று காலை மார்க்கெட்டுப் பெண்கள், மீன் விற்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள் நகராட்சி மாளிகைக்குள் புகுந்தார்கள். அங்கிருந்த ஆயுதங்களை எடுத்துக்கொண்டு, பீரங்கியையும் இழுத்துக்கொண்டு மழையில் வெர்சாயை நோக்கி நடந்தார்கள். சுமார் 20 கிலோமீட்டர். பல ஆயிரம் பெண்கள். நனைந்த துணியோடு, சேறு அப்பிய பாவாடையோடு சபைக்குள் போய் உறுப்பினர்களின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். ராஜாவைப் பார்க்கச் சிலரை உள்ளே விட்டார்கள். அவர்களில் 17 வயதுப் பெண் ஒருத்தி "ரொட்டி" என்று சொன்னவுடனே மயங்கி விழுந்தாள்.

மறுநாள் விடியலில் அரண்மனைக்குள் கூட்டம் புகுந்து காவலர்கள் இருவரைக் கொன்றது. மத்தியானம் ராஜாவும் ராணியும் பிள்ளையும் வண்டியில் பாரிஸுக்குக் கிளம்பினார்கள், கூடவே மாவு வண்டிகள். "ரொட்டிக்காரரையும் ரொட்டிக்காரர் பெண்டாட்டியையும் பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்" என்று பெண்கள் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். ராஜா மறுபடி வெர்சாய்க்குத் திரும்பவே இல்லை.

இவ்வளவு செய்த பெண்களுக்குக் கிடைத்தது என்ன என்பதைச் சொல்லும்போது எனக்கு ஆறவில்லை. பெண்ணுக்கும் அதே உரிமை என்று 1791-இல் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் தெ கூஜ் 1793 நவம்பரில் தலையை வெட்டும் கருவியான கில்லட்டினில் கொல்லப்பட்டார். அதற்குச் சில நாள் முன்புதான் பெண்கள் சங்கங்களை அரசு தடைசெய்தது. பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944-இல்.

உரிமை பேசியவர்களே ஏன் கில்லட்டினுக்குப் போனார்கள்?

1792 ஏப்ரலில் பிரான்ஸ் ஆஸ்திரியாமேல் போர் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டே ராஜா மாறுவேடத்தில் எல்லையை நோக்கி ஓடி, வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டிருந்தார். அதனால் போரில் ஒவ்வொரு தோல்வியும் உள்ளிருந்து நடந்த துரோகமாகத் தெரிந்தது. 1792 செப்டம்பரில் குடியரசு, 1793 ஜனவரி 21-இல் ராஜாவுக்குத் தலை துண்டிப்பு. அந்த ஆண்டே மேற்கே வாந்தேயில் விவசாயிகள் புரட்சிக்கு எதிராக எழுந்தார்கள். லியோன் நகரம் கலகம் செய்தது. தூலோன் துறைமுகத்தை உள்ளூர்க்காரர்களே ஆங்கிலேயருக்குத் திறந்துவிட்டார்கள். பயம் சட்டமானது. 1794 ஜூனில் வந்த சட்டம் குற்றம்சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைக்கும் உரிமையையும் பறித்தது.

தீர்ப்பின் பேரில் கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 17,000 பேர். விசாரணை இல்லாமலும் சிறையிலும் இறந்தவர்கள் தனி. வாந்தேயில் இரு பக்கமும் சேர்த்து லட்சத்துக்கும் மேல். கில்லட்டின் என்றதும் பிரபுக்கள்தான் நினைவுக்கு வருவார்கள், ஆனால் தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த சாதாரண ஜனங்கள். சூழ்நிலை இப்படி இருந்தது, வேறு என்ன செய்வார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். சூழ்நிலை காரணத்தைக் காட்டும், செய்ததை நியாயப்படுத்தாது. வக்கீலைப் பறித்த சட்டம் வந்தபோது பிரெஞ்சுப் படை எல்லையில் வெல்லத் தொடங்கிவிட்டிருந்தது. இந்தப் பயத்தின் ஆட்சியை நடத்தியவர்களில் முக்கியத் தலைவரான ரோபெஸ்பியர் 1794 ஜூலை 28-இல் அதே கில்லட்டினில் முடிந்தார்.

சரி, சமூகத்தில் நிஜமாக என்ன மாறியது?

ராஜா போனது கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் மாறியது அதைவிட ஆழமானது என்று நினைக்கிறேன்.

1792 செப்டம்பர் 20-இல் ஒரு சட்டம் வந்தது. அதுவரை பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பெரும்பாலும் எழுதிவைத்தது பாதிரியார். அவர் கணக்கில் இல்லாதவருக்குச் சட்டத்தின் கண்ணில் இடம் கிடைப்பது கஷ்டம். இனி ஊராட்சி அலுவலகத்தில் பதிவு. எந்த மதத்தவரும் எந்த மதமும் இல்லாதவரும் அங்கே போய்க் கல்யாணத்தைப் பதியலாம். அதே நாளில் விவாகரத்துச் சட்டமும் வந்தது. இருவரும் சம்மதித்தாலே போதும் என்ற அளவுக்குத் தாராளமானது. 1816-இல் பறிபோய், 1884-இல்தான் வேறு வடிவில் திரும்பியது. 1791-லேயே யூதர்கள் முழுக் குடிமக்களாகிவிட்டிருந்தார்கள்.

சொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நார்மண்டியில் அண்ணன் தம்பி இருந்தால் பெண்பிள்ளைக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கு கிடையாது, சீதனம் என்று கொடுப்பதோடு சரி. புரட்சிச் சட்டங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்றன. உடனே அக்கா தங்கைகள் சகோதரர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்குக் காகிதங்களில் 'சமத்துவம்' என்ற சொல் மேடையை விட்டு இறங்கி ஒரு வயலின் வரப்பு வரைக்கும் வந்து நிற்கிறது.

அப்புறம் அளவைகள். ஊருக்கு ஊர் படி வேறு, கோல் வேறு. தானியம் வாங்கும்போது பெரிய மரக்கால், கொடுக்கும்போது சின்ன மரக்கால் என்று பிரபுவின் ஆட்கள் ஏமாற்றுவதாக 1789 பட்டியல்களில் புகார் இருக்கிறது. நாடெங்கும் ஒரே அளவு வேண்டும் என்று கேட்டார்கள். 1795-இல் மீட்டரும் கிராமும் சட்டமாகின. நம் ஊரில் வீசையும் பலமும் போய்க் கிலோ வருவதற்கு வழிசெய்த 1956 சட்டம் அந்தக் கோரிக்கையின் தூரத்துப் பேரப்பிள்ளை.

நிலம் மாறியது, ஆனால் எல்லோர் கைக்கும் வரவில்லை. திருச்சபையிடம் நாட்டின் நிலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இருந்தது. அதை அரசு எடுத்து ஏலம் விட்டது. ஏலத்தில் காசு இருந்தவர்தானே வாங்க முடியும்? நகரத்துப் பணக்காரரும் வசதியான விவசாயியும் வாங்கினார்கள். நிலமில்லாத கூலிக்காரர் அப்படியேதான் நின்றார். தொழிலாளர்கள் சங்கம் சேர்வதை 1791 சட்டம் தடைசெய்தது. தொழிற்சங்கத்துக்குச் சட்ட அனுமதி வர 1884 ஆனது.

நெப்போலியன் பேரரசர் ஆகிவிட்டார், பிறகு ராஜாவும் திரும்பி வந்தார். அப்போ தோல்விதானே?

1814-இல் ராஜாவின் தம்பி பதினெட்டாம் லூயியாக வந்தார். ஆனால் வரிவிலக்கு திரும்பவில்லை, பிரபுவின் ஆலைக் கட்டணம் திரும்பவில்லை, விற்ற திருச்சபை நிலம் திரும்பவில்லை. எடுத்தால் நாடு மறுபடி எரியும் என்று அவருக்கே தெரியும். 1804-இல் நெப்போலியன் தொகுத்த சிவில் சட்டமும் அப்படியே நின்றது. அந்தச் சட்டம் பிள்ளைகளின் சம பங்கைப் பெரும்பாலும் காத்தது, ஆனால் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் எழுதிவைத்தது.

"எல்லா மனிதரும் சமம்" என்றார்களே, அடிமைகளுக்கும் அது உண்டா?

பிரகடனத்தில் 17 பிரிவுகள் இருந்தன, அடிமைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்போது பிரான்ஸின் கையில் இருந்த, கரீபியக் கடலில் உள்ள சான் தொமிங்கு காலனியில் சுமார் 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பும் காப்பியும் விளைவித்துக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுத் துறைமுக நகரங்களின் செழிப்பு அவர்கள் உழைப்பு. 1791 ஆகஸ்டில் அவர்களே எழுந்தார்கள். அவர்கள் போராடி வென்ற பிறகுதான் 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. நெப்போலியன் 1802-இல் அதைத் திரும்பக் கொண்டுவரப் படை அனுப்பினார். தலைவர் தூசான் லூவெர்த்தூரைப் பிடித்து பிரான்ஸின் குளிர்ந்த மலைக்கோட்டையில் அடைத்தார்கள், 1803-இல் அங்கேயே இறந்தார். ஆனாலும் அந்த மக்கள் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி என்ற சுதந்திர நாட்டை அறிவித்தார்கள்.

1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய முதலாளிகளின் நஷ்டத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. தாங்கள் விடுதலை அடைந்ததற்கு அந்த மக்களே விலை கொடுத்தார்கள். அந்தக் கடனை அடைத்து முடிக்க 20-ஆம் நூற்றாண்டு ஆனது. பிரெஞ்சுப் புரட்சியைப் பாடம் நடத்தும்போது ஹெய்ட்டியை விட்டுவிட்டு நடத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு நாட்டில் புரட்சி வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

தேதி சொல்ல முடியாது. 1789 மேயில் வெர்சாய்க்கு வந்த பிரதிநிதிகளில் யாருமே குடியரசை எதிர்பார்த்து வரவில்லை. ஆனால் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்கின்றனவா என்று பார்க்கலாம்: அரசின் கையில் பணம் இல்லை, ஆளும் கூட்டத்துக்குள்ளேயே சண்டை, உத்தரவு போட்டால் படை நடக்குமா என்பதில் சந்தேகம். 1917 பிப்ரவரியில் அன்றைய ரஷ்யத் தலைநகரான பெத்ரோகிராதிலும் ரொட்டி வரிசையில் நின்ற பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், சில நாளில் காவற்படையும் அவர்கள் பக்கம் சேர்ந்தது.

தமிழர்களுக்கும் இந்தப் புரட்சிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, புதுச்சேரி வழியாக. புரட்சி பிரான்ஸோடு போர் மூண்டதால் 1793-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டார்கள்; 1816-இல்தான் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. பாரதி 1908-இல் அங்கே தஞ்சம் போனார். அவருடைய 'இந்தியா' பத்திரிகை சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களையே முழக்கமாக வைத்துக்கொண்டது. ஜூலை 14 அன்று புதுச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த 'சொல்தா'க்கள் பதக்கம் குத்திக்கொண்டு வந்து நிற்பதை இப்போதும் பார்க்கலாம்.

இன்னொரு தொடர்பு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியர் அணியும் ஷூவைப் போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று தடுத்தார்கள். அவர் பாரிஸ் வரை வழக்கை நடத்தி வென்றார். 1881-இல் ஓர் ஆணை வந்தது: விரும்பும் இந்தியர் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம், புதுக் குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கணிசமாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள், துறந்தவர்கள் என்று பொருள். அந்தக் குடும்பங்களில் சிலவற்றில் இன்றைக்கும் தகப்பன் இறந்தால் நோட்டேர் என்ற பத்திரச் சட்ட அலுவலர் முன்னால் உட்கார்ந்து பிரெஞ்சுச் சட்டப்படிதான் சொத்தைப் பிரிக்கிறார்கள். மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு.